மலை ஏறும் மல்லி

கொடைக்கானலில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சென்னை மந்தைவெளியில் இருந்து பூ அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவீர்கள்? எங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்கள். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, முகவரி கொடுத்தால் மறுநாள் அங்கே வாசலில் பூங்கொத்து. அவ்வளவுதான் வேலை என்றார்கள்.

பத்தாவது ஆள், மார்க்கெட் பக்கம் ஸ்டூல் போட்டுப் பூ விற்கிற அம்மா. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கொடைக்கானலுக்கா? அதுக்கு எதுக்கும்மா இங்கேர்ந்து அனுப்பணும்? எங்கிட்ட இருக்கிற மல்லியே அந்த மலைக்குக் கீழேர்ந்துதான வருது. நெலக்கோட்டை பூவு. கீழ எறங்கி, மெட்ராஸ் வந்து, திரும்பி மேல ஏறணுமா அது?"

விஷயத்தின் பாதியை அந்த அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. பூ சாகுபடி செய்கிற நண்பர்களுக்கும், செய்யலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நான் விவசாயி இல்லை. வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் நம் இயக்க நண்பர்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சில்லாக் காய்கறி, அரிசி விற்கிற மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். மந்தைவெளி என்ற பெயரிலேயே மந்தையும் இருக்கிறது, வெளியும் இருக்கிறது. மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த இடம். இன்றைக்கு மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கோயில் வாசலுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று எங்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் வாங்குகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

என் அக்கா கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறாள். அத்தான் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அக்காவுக்குத் தலையில் மல்லி இல்லாமல் ஒரு நாள் போகாது. மலையில் டேலியா வரும், ஹைட்ரேஞ்சியா வேலியெல்லாம் பூக்கும், ஜெரேனியம் சன்னல்தோறும் தொங்கும். மல்லி மட்டும் அந்தக் குளிருக்கு வராது. மல்லிக்கு வெயில் வேண்டும். அதனால் மலைமேல் இருப்பவர்களுக்கு மல்லி எப்போதும் கீழே இருந்து வருகிற பொருள்தான். பஸ்ஸில் ஏறி, கடைக்குப் போய், முழம் இன்ன விலை என்று கேட்டு வாங்குவதற்குள் மொட்டு பாதி வெடித்திருக்கும்.

ஒரு பிறந்த நாளுக்கு என் மகன் தன் பெரியம்மாவுக்கு அந்தக் கைப்பேசிப் பூங்கொத்தை அனுப்பி வைத்தான். அக்கா எனக்குப் போன் செய்து சொன்னாள்: "ரொம்ப அழகா இருக்குடி. தலைல வைக்க முடியாது. சாமிக்குப் போட முடியாது. மேல ஒரு மருந்து வாடை வேற. கீழ பச்சையா ஒரு கட்டி இருக்கு, அது என்ன, சோப்பா?"

சோப்பு இல்லை. பூங்கொத்துக் கடைகளில் தண்ணீரில் ஊறவைத்துக் காம்புகளைக் குத்தி நிறுத்துகிற நுரைக்கட்டி அது. பீனால், பார்மால்டிஹைடு இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஒருவகைப் பிளாஸ்டிக். மட்காது, உதிர்ந்து உதிர்ந்து தூளாகி மண்ணோடும் தண்ணீரோடும் போகும். அதற்கு மேல் கண்ணாடித் தாள், அதற்கு மேல் நைலான் நாடா. சின்ன தண்ணீர் பாட்டிலைக்கூட மலைக்கு எடுத்து வராதே என்று தடுக்கிற ஊர் கொடைக்கானல். அந்த ஊருக்குப் பாசத்தோடு நாம் அனுப்பி வைப்பது இதை.

பூ எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். நீளக் காம்பு ரோஜாவும் ஜெர்பராவும் பெரும்பாலும் ஓசூர், பெங்களூரு பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைகின்றன. காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிற தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜாவும் அங்கேயிருந்துதான். வெட்டியவுடன் குளிர் அறை, குளிர் வண்டி, மறுபடி குளிர் அறை. குடிலுக்குள் இலைப்பேன், சிலந்திப்பேன், சாம்பல் நோய் எதற்கும் விடுமுறை கிடையாது. ஆகவே மருந்துக்கும் விடுமுறை கிடையாது.

பெல்ஜியம் நாட்டில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. கடைகளில் விற்ற ரோஜா, ஜெர்பரா, சாமந்திக் கொத்துகள் 90-ஐ வாங்கிச் சோதித்தார்கள். மொத்தம் 107 வகைப் பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி எச்சங்கள் இருந்தன. ரோஜாவில்தான் அதிகம், ஒரு மாதிரிக்குச் சராசரி 14. அவர்கள் கவலைப்பட்டது பூவை வாங்குகிறவர்களை நினைத்து மட்டும் இல்லை. நாள் முழுக்க வெறும் கையால் கொத்து கட்டுகிற கடைக்காரப் பெண்களின் தோல் வழியே உள்ளே போகிறதே, அதை அளக்கத்தான் ஆராய்ச்சியே. நம் ஊரில் அந்தக் கை யாருடையது? விடியலில் மொட்டு பறிக்கிறவளுடையது, மடியில் போட்டு நாள் முழுக்கத் தொடுக்கிறவளுடையது. தொடுக்கும்போது நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரி ஊருக்குப் பூ அனுப்புவதைப் பற்றி யோசித்தபோது இன்னொரு ஏரியும் நினைவுக்கு வந்தது. கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் அணை கட்டித் தேக்கியது. வழிந்து போகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் எல்லாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் இதைவிடக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் நைவாஷா என்று ஓர் ஏரி இருக்கிறது, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,880 மீட்டர். அங்கே கதை தலைகீழ். ஐரோப்பாவில் இருக்கிற அன்பானவர்களுக்கு அந்த ஏரி பூ அனுப்புகிறது. கரையைச் சுற்றி ரோஜாப் பண்ணைகள். ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பூவாக்கி விமானத்தில் ஏற்றுகிறார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை புகைந்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றபோது, டன் டன்னாக ரோஜாவைக் குழியில் கொட்டினார்கள். உள்ளூரில் அதை வாங்க ஆளில்லை. அந்த ஊர்ப் பெண்கள் தலையில் ரோஜாச் சரம் வைக்கிற வழக்கமும் இல்லை.

நமக்கு அந்த வழக்கம் இருக்கிறது. நம் பலமே அதுதான் என்பது என் எண்ணம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, மல்லி உச்சத்தில் பூத்துக் கொட்டுகிற நேரம். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, மார்க்கெட் இல்லை. செடியிலேயே வாடவிட்ட விவசாயிகளை நமக்கெல்லாம் தெரியும். அந்த நாட்களிலும், தோட்டத்துக்குப் பக்கத்து ஊர்களில் முழம் போட்டு வீட்டு வாசலில் விற்றவர்களுக்குக் கொஞ்சம் காசு வந்தது. தூரத்துச் சந்தை அறுந்தால் பக்கத்துத் தலைகள்தான் மிச்சம்.

பூக்காரம்மா சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். மந்தைவெளிக்கு மல்லி வருகிற வழி இது: நிலக்கோட்டை, மதுரை பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பறித்த மொட்டு, மண்டிக்குப் போய், ராத்திரி வண்டி ஏறி, விடியுமுன் கோயம்பேடு. (1996-க்கு முன்னால் பாரிமுனை பூக்கடை, பத்ரியன் தெரு.) அங்கேயிருந்து ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு எங்கள் தெரு. ஐந்நூறு கிலோமீட்டர் பயணம். அதே நிலக்கோட்டையில் இருந்து வத்தலக்குண்டு பக்கம். வத்தலக்குண்டில் இருந்து மலைப்பாதையில் கொடைக்கானல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். மந்தைவெளியில் இருந்து பூ அனுப்ப வேண்டியதில்லை. பணமும் சேதியும் அனுப்பினால் போதும். பூ தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தே மேலே ஏறிக்கொள்ளும்.

சரி, நஞ்சில்லாமல் மல்லி போடுகிறவர் வேண்டுமே? இங்கேதான் சிரமம். நம் இயக்க நண்பர்களிலேயே நெல், காய், கடலை எல்லாவற்றையும் இயற்கைவழியில் செய்துவிட்டு, மல்லிக்கு மட்டும் மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. கேட்டால், "திங்கிற பொருளா என்ன?" என்பார்கள். சாப்பிடுகிற பொருளுக்குத்தான் நச்சு எச்சத்துக்கு வரம்பு, சோதனை எல்லாம். மண்டியில் மல்லியை முகர்ந்து பார்த்து, மொட்டின் பருமனைப் பார்த்து விலை சொல்வார்கள். என்ன அடித்தாய் என்று கேட்க மாட்டார்கள். மருந்தில்லா மொட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது. புழு கடித்த மொட்டு நாலு இருந்தால் விலை மட்டும் இறங்கும். அப்படியிருக்க, எதற்காக ஒருவர் மாற வேண்டும்?

நிலக்கோட்டைப் பக்கம் ஒருவர் மாறியிருந்தார். சந்தை சொல்லி இல்லை. அவர் பேச்சிலேயே சொல்கிறேன்: "சீசன்ல வாரத்துக்கு ரெண்டு தடவ அடிச்சேன்க்கா. சாயந்தரம் நான் அடிப்பேன். மறுநா விடிய அஞ்சு மணிக்கு என் சம்சாரமும் எங்கம்மாவும் பூவெடுக்கப் போவாக. பனியில நனைஞ்ச செடி. முழங்கை வரைக்கும் ஈரம். ஒருநா எங்கம்மா கையக் காட்டுச்சு. தோலு உரிஞ்சு கெடக்கு. அன்னைக்கு விட்டதுதான்." அரை ஏக்கர் குண்டுமல்லி, பத்து செண்டு மரிக்கொழுந்து, வரப்போரம் கனகாம்பரம், ஒரு துண்டு சம்பங்கி. ஆறு வருஷமாக மருந்து இல்லை. பிஜிஎஸ் குழுவில் இருக்கிறார், ஆனால் சான்று நெல்லுக்குத்தான் உதவியது, மல்லிக்கு உதவவில்லை என்கிறார்.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் மல்லியில் இயற்கைவழி வராது என்பவர்கள் பெரும்பாலும் இரண்டே பூச்சியைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். ஒன்று மொட்டுப்புழு. இன்னொன்று பூ ஈ.

பூ ஈயைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மொட்டு ஊதா நிறமாகி, வளராமல் சிறுத்து உதிரும். உள்ளே இருக்கிற புழு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எல்லாரும் மொட்டின் மேல் அடிக்கிறார்கள். ஆனால் அந்தப் புழு மொட்டை விட்டுக் கீழே விழுந்து மண்ணுக்குள்தான் கூட்டுப்புழு ஆகிறது. "எதிரி தரைல படுத்திருக்கான், நாம ஆகாயத்துல சுடுறோம்" என்று சிரித்தார். கவாத்து முடிந்ததும் செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் காட்டுகிறார். தொழு உரம் செடிக்குப் பத்துக் கிலோ, கூடவே வேப்பம் பிண்ணாக்கு. சீசனிலும் மாதம் ஒருமுறை மேல் மண்ணைக் கிளறிவிடுகிறார். உதிர்ந்த மொட்டையும் ஊதா மொட்டையும் அங்கேயே போடாமல், பூவெடுக்கும்போதே இடுப்பில் தனிப் பை கட்டி அதில் சேர்த்து, கொண்டுவந்து எரிக்கிறார்கள். இந்தத் தனிப் பைதான் முக்கால்வாசி வைத்தியம் என்பது அவர் அம்மாவின் தீர்ப்பு.

மொட்டுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்து சதம். அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு இடித்து ஊறவைத்து வடிகட்டியது. சாயங்காலம் மட்டும்தான் அடிக்கிறார். வேம்பின் வாடை மல்லியின் வாசத்தைக் கெடுக்காதா என்று கேட்டேன். கெடுக்கும் என்றார் ஒளிவு மறைவில்லாமல். அதனால் தோட்டத்தை நாலு பாத்தியாகப் பிரித்து முறை வைத்து அடிக்கிறார். அடித்த பாத்திப் பூ இரண்டு நாள் உள்ளூர்ச் சந்தைக்குப் போகிறது, கூடைப் பூ வேறு பாத்தியில் இருந்து வருகிறது. பஞ்சகவ்யா மூன்று சதம், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. செஞ்சிலந்திப்பேனுக்கு இலையின் அடியில் படுகிற மாதிரி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறார். நூற்புழுவுக்காக இடையிடையே துலுக்கச் சாமந்தி. அதையும் பறித்து விற்றுவிடுகிறார்.

மகசூல் குறைந்ததா? முதல் இரண்டு வருஷம் நன்றாகவே குறைந்தது. இப்போது பக்கத்துத் தோட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு பாதிக்கும் கீழே. மொட்டு அவ்வளவு பெருக்காது, ஆனால் காம்பு நீளமாக இருக்கிறது, தொடுக்கிறவர்களுக்கு அது பிடிக்கிறது என்றார். இது ஒரு தோட்டத்துச் சேதிதான், ஆராய்ச்சி முடிவில்லை. உங்கள் மண்ணில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது விலை. மல்லி விலை எப்படி ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் பூ குவியும், விலை படுக்கும், செண்டு கம்பெனிக்காரர் வந்து கிடைத்த விலைக்கு அள்ளுவார். மார்கழி, தை பனியில் பூ அருகும், கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். விடியக்காலை ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021-ல் அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் அனுப்பியதாகச் செய்தி வந்தது. நல்லதுதான். ஆனால் குறியீடு வாங்கினவருக்கும் காலை பத்து மணி விலைதான்.

ஆண்டு முழுக்க ஒரே விலை வைத்துக்கொள்வோம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் நியாயமாகவே மறுத்தார். "தையில கிலோ ரெண்டாயிரம் போறப்ப உங்களுக்கு எப்படிக்கா குடுப்பேன்? நான் குடுத்தாலும் எம்பொண்டாட்டி குடுக்க மாட்டா." பிறகு இப்படி முடிவு செய்தோம். பூ மிகுந்த மாதங்களில், சித்திரை முதல் ஐப்பசி வரை, ஒரே விலை. பனிக் காலத்தில் மல்லிக் கூடையே கிடையாது. அப்போது தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அது: சம்பங்கி, மரிக்கொழுந்து, துலுக்கச் சாமந்தி. கேட்கிறவருக்கு இது பிடிக்கவில்லையென்றால் அவருக்கு நம் கூடை வேண்டாம்.

ஒரு கூடையில் பத்து முழம் மல்லி, இரண்டு முழம் கனகாம்பரம், ஒரு பிடி மரிக்கொழுந்து. மொத்தம் 600 கிராம் வாக்கில் வரும். பூவுக்கு விவசாயிக்கு 400 ரூபாய். தொடுக்கிற இரண்டு பெண்களுக்குச் சேர்த்து 120. பனை ஓலைக் கொட்டானுக்கு 80. பஸ்ஸில் லக்கேஜ், மேலே பஸ் ஸ்டாண்டில் வாங்கி வீட்டில் சேர்க்கிற ஆட்டோத் தம்பி, இரண்டுக்கும் 150. ஆக 750. என் மகன் அனுப்பிய பூங்கொத்து 1,200. மந்தைவெளியில் எங்கள் மேசைக்கு இதில் பங்கு இல்லை. கூடைக்குச் சொல்ல வருகிறவர் கையோடு இரண்டு கிலோ தூயமல்லி அரிசி வாங்கிப் போகிறார், அது போதும்.

கட்டி அனுப்புவதில் கற்றுக்கொண்டது நிறைய. மொட்டின் மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது, கறுத்துவிடும். வாழைநாரை மட்டும் நனைத்துத் தொடுக்க வேண்டும். ஈரம் பிழிந்த பருத்தித் துணி, அதற்கு மேல் வாழையிலை, அதற்குள் சரம், வட்டமாகச் சுற்றி, அழுத்தாமல். ஐஸ் வைத்துப் பார்த்தோம், பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிப் பின் அழுகியது, விட்டுவிட்டோம். ஏழு மணிக்குள் பறிப்பு, ஒன்பதரைக்குள் தொடுப்பு, பத்தரை வாக்கில் வத்தலக்குண்டில் பஸ். மதியம் ஒன்றரைக்குள் மேலே. மலைப்பாதையில் பாதி தூரம் போனதும் காற்றே குளிர் அறையாகிவிடுகிறது, அதற்கு மின்சாரக் கட்டணம் இல்லை. சமவெளியில் அந்தி ஆறு, ஏழு மணிக்கு வெடிக்கிற மொட்டு, அக்கா வீட்டில் ராத்திரி ஒன்பது, பத்துக்குத்தான் மெல்ல வாய் திறக்கிறது. மறுநாள் மத்தியானம் வரை வாசம் நிற்கிறது. 2024 மே மாதத்தில் இருந்து மலைக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பஸ்தான் சரி.

பஸ்ஸுக்கு வேறு தொல்லை உண்டு. ஆனி மாதத்தில் ஒரு கூடையை இறக்க மறந்து, பஸ் அதோடு பூம்பாறைக்குப் போய்விட்டது. நடத்துநர் நல்ல மனிதர். போன் போட்டு, "இனி எறக்கி அனுப்பினா ராத்திரி ஆயிரும்மா, வாடிப்போகும். இங்க குழந்தை வேலப்பர் கோயில்ல குடுத்துரவா?" என்றார். கொடுங்கள் என்றேன். கூடைக்குச் சொன்னவர் அவருடைய அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்காகக் காத்திருந்தவர். பணத்தைத் திருப்பித் தரப் போனேன். வாங்கவில்லை. "எங்கம்மாவுக்குச் சொன்னேன், சிரிச்சாங்க. முருகனே வாங்கிட்டானாமேன்னாங்க. அடுத்த வாரம் ஒண்ணு அனுப்புங்க" என்றார். அதற்குப் பிறகு கொட்டானின் மேல் சிவப்புத் துணி கட்டி, ஆட்டோத் தம்பியின் எண்ணை எழுதி, நடத்துநரிடமே கொடுக்கிறோம்.

இதற்கெல்லாம் நடுவில் அத்தான் போய்விட்டார். போன மாசியில். காரியங்கள் முடிந்து நான் சென்னை திரும்பினபின், சித்திரையில் கூடை ஆரம்பித்தபோது, அக்கா பெயரை எழுதுவதா வேண்டாமா என்று விவசாயி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊர்ல ஒண்ணு சொல்வாகக்கா, அதான்..." எழுதுங்கள் என்றேன். கூடை போய்ச் சேர்ந்த அன்று அக்கா போனில் கோபித்துக்கொண்டாள். "எனக்கு எதுக்குடி இனிமே இதெல்லாம்?" நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அறுபத்தெட்டு வயது. பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தது மூன்று வயதில், அத்தானைப் பார்ப்பதற்கு இருபது வருஷம் முன்னால். அந்தப் பத்து முழத்தையும் பித்தளைத் தட்டில் போட்டு அத்தான் படத்துக்குக் கீழே வைத்தாளாம். இரண்டாவது கூடையில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். மூன்றாவது கூடை போன அன்று, ஆட்டோத் தம்பி சும்மா பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னான்: "பெரியம்மா கதவைத் தெறந்து அங்கேயே ஒரு கிள்ளு கிள்ளித் தலைல வச்சுக்கிட்டாங்க. நல்லா மணக்குதுடான்னாங்க." நான் அவளிடம் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

மே மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம் என்று கொண்டாடுகிறோம். அமெரிக்காவில் 1908-ல் அதைத் தொடங்கிய ஆன்னா ஜார்விஸ், தன் அம்மாவுக்குப் பிடித்ததென்று வெள்ளைக் கார்னேஷன் பூவை வைத்தார். பிற்பாடு பூ வியாபாரிகள் அதை வைத்துக் காசு பார்த்ததைப் பொறுக்காமல் அந்த அம்மாவே சாகும்வரை அவர்களோடு சண்டை போட்டார். அவருக்கு அவர் ஊர்ப் பூ. நமக்கு மே மாதத்தில் மல்லி கொட்டிக் கிடக்கிறது, விலை படுத்துக் கிடக்கிறது, அதே மாதம் கொடைக்கானலில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். மல்லிக்காரருக்கு இதைவிட வசதியான மாதம் எது?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை முதல் ஐப்பசி வரை போனது 23 கூடை. விவசாயிக்குப் போனது 9,200 ரூபாய். தொடுத்தவர்களுக்கு 2,760. அரை ஏக்கர்க்காரருக்கு இது குடும்பம் நடத்துகிற காசில்லை, அவரே சொல்கிறார். பூவில் பெரும்பகுதி இன்னும் மண்டிக்குத்தான் போகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். இந்தக் கூடைகளுக்கு எல்லாம் தேதி முன்கூட்டியே தெரியும். பிறந்த நாள், கல்யாண நாள், திதி. மண்டிக்குப் போகிறபோது அவருக்கு நாளைய விலை தெரியாது. இதில் ஆடி 12-ஆம் தேதி என்ன விலை என்று சித்திரையிலேயே தெரிகிறது. எந்தப் பாத்தியில் எப்போது வேம்பு அடிக்கலாம் என்று அதை வைத்துத் திட்டம் போடுகிறார். மருந்து அடிக்காத பூ வேண்டும் என்று கேட்டு, அதற்காகக் காசு கொடுக்கிற ஆள் அவருக்கு இதற்கு முன்னால் கிடைத்ததில்லை. தான் வைத்துக்கொள்கிற பூ என்றால் முழத்துக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிறவர்கள், அம்மாவுக்கு அனுப்புகிற பூ என்றால் பேசுவதில்லை. நான் மேசையில் உட்கார்ந்து பார்த்தது இது. மேலே ஏரிப் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், வாரம் ஒரு கூடை வருமா என்று இப்போது கேட்டிருக்கிறார்.

ஏற்காட்டுக்குச் சேலம் அடிவாரம் இருக்கிறது. ஊட்டிக்குச் சத்தியமங்கலம் மல்லி இருக்கிறது. அந்தப் பக்கம் மருந்தில்லாமல் பூப்போடுகிற நண்பர்கள் இருந்தால் இதழுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். மந்தைவெளியில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவர்களை ஊட்டியில் விட்டுவிட்டு இங்கே வேலை பார்க்கிறவர்கள் எங்கள் மேசைக்கே நாலு பேர் வருகிறார்கள். வேண்டியது அரை ஏக்கர் மல்லி, தொடுக்கத் தெரிந்த இரண்டு கை, காலையில் மலைக்குப் போகிற ஒரு பஸ்.

நிலக்கோட்டைத் தோட்டத்தில் கார்த்திகை நடுவில் கவாத்து. தரையில் இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, மண் கிளறி, உரம் வைத்துவிட்டால் மாசிக் கடைசியில் மொட்டு வரும். அதுவரை சம்பங்கியும் மரிக்கொழுந்தும்தான் போகும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டோம். அக்காவிடமும் சொன்னேன். "மரிக்கொழுந்து கொஞ்சம் கூட வைக்கச் சொல்லு" என்றாள்.